குழாய் சொல்வதை ஸ்பீக்கர் கேட்க வேண்டும்: கலப்பு ஆர்கனோடு பழகியதில் தெரிந்துகொண்டவை

எங்கள் ஆலயத்தில் நான் வாசிக்கும் ஆர்கன் முழு பைப் ஆர்கனும் இல்லை, முழு எலெக்ட்ரானிக்கும் இல்லை. இரண்டு மேனுவலும் (கையால் வாசிக்கும் கீவரிசை) பெடலும் (காலால் வாசிப்பது) உள்ள டிஜிட்டல் கன்சோல் ஒன்று, மேல்தளத்தில் ஒரு காற்றுப்பெட்டி, அதன்மேல் நான்கு வரிசை நிஜக் குழாய்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஸ்டாப், அதாவது தனியாகப் போடவும் எடுக்கவும் கூடிய ஒரு சத்தம். அடிக் கணக்கு அதன் சுர உயரத்தைக் காட்டும், எண் சிறிதானால் சுரம் மேலே. பிரின்சிபல் 8 அடி, ஆக்டேவ் 4 அடி, ஃபிஃப்டீன்த் 2 அடி, மூடிய குழாய் ஃப்ளூட் 8 அடி, அவ்வளவுதான். ஸ்ட்ரிங்ஸ் (வயலின் சாயல்), ரீடுகள் (ட்ரம்பெட், ஓபோ போல ஒலிப்பவை), மிக்ஸ்சர் (பல மேல் சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்டாப்), பெடலின் 16 அடி, 32 அடி என்று மற்ற எல்லாமே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு வாசிப்பவர்கள், அல்லது பழைய குழாய்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் டிஜிட்டல் கன்சோலோடு இணைக்க நினைப்பவர்கள், இரண்டு தரப்புக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விற்பனைப் புத்தகத்தில் "குழாயும் டிஜிட்டலும் ஒன்றாகக் கலந்துவிடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தானாக ஒன்றும் கலப்பதில்லை. அதைக் கலக்கவைப்பது வாசிப்பவரின் வேலை, அந்த வேலையில் ஏறக்குறைய எல்லாமே எலெக்ட்ரானிக் பக்கத்தைத் திருத்துவதுதான். முதியவரோடு நடக்கும்போது நாம்தானே நடையைக் குறைத்துக்கொள்கிறோம், அதுபோலத்தான் இதுவும். குழாய் தன் போக்கில் போகும், டிஜிட்டல் அதன் பின்னால் போக வேண்டும்.

இந்தக் கலப்பு ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1930களிலேயே பிரிட்டனில் காம்ப்டன் நிறுவனம் தன் தியேட்டர் ஆர்கன்களில் மெலோடோன் என்ற எலெக்ட்ரானிக் பகுதியைக் குழாய்களோடு சேர்த்துக் கொடுத்தது. காரணம் அன்றும் இன்றும் ஒன்றுதான், இடமும் செலவும். 8 அடி ஸ்டாப்பின் மிகக் கீழான சி-க்கே திறந்த குழாய் சுமார் 8 அடி உயரம் வேண்டும், 16 அடி ஸ்டாப்புக்கு அதைப்போல இரண்டு மடங்கு, 32 அடி என்றால் பெரும்பாலான ஆலயங்களில் கூரையே அதற்கு இடம் கொடுக்காது. அடித்தளத்தை ஸ்பீக்கரிடம் விட்டுவிட்டு, காதுக்கு உண்மை தெரியும் நடு, மேல் சுரங்களைக் குழாயிடம் வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. நியாயம் என்பதற்கு சுருதி சம்பந்தமான ஒரு காரணமும் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாத் தொல்லைக்கும் தலைமை சுருதிதான். டிஜிட்டல் ஆர்கனை 440-இல், அதாவது நடு சி-க்கு மேலுள்ள ஏ நொடிக்கு 440 அதிர்வாக இருக்கும்படி வைத்தால் மழையோ வெயிலோ அது 440-லேயே இருக்கும். குழாய் அப்படி இல்லை. குழாயின் சுருதியைத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் காற்றில் ஒலி போகும் வேகம், அந்த வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 343 மீட்டர், ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.6 மீட்டர் கூடும். சுருதிக் கணக்கில் இது டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு. சூடேறினால் உலோகம் நீளும், குழாய் நீண்டால் சுருதி இறங்கத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். உலோகம் நீள்வது காற்று செய்யும் வேலைக்கு முன்னால் கணக்கிலேயே வராது. சூடானால் குழாய் ஏறும், குளிர்ந்தால் இறங்கும், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

20 டிகிரியில் 440-க்கு சுருதி சேர்த்த குழாய்கள் 28 டிகிரியில் கிட்டத்தட்ட 446-க்கு வந்து நிற்கும். டிஜிட்டல் 440-லேயே இருந்தால் நடு சி-க்கு மேலுள்ள ஏ-வில் நொடிக்கு 6 விம்மல்கள், அதாவது இரண்டு சத்தமும் மோதி ஏறி இறங்கும் அலைகள், கேட்கும். ஒரு ஆக்டேவ் மேலே போனால் 12, அதற்கும் மேலே 24, அந்த இடத்தில் விம்மலாகக்கூடக் கேட்காது, பல் கூசுகிற ஒரு கரகரப்பாகக் கேட்கும். ஆனால் இதே வித்தியாசம் 8 அடி ஸ்டாப்பின் மிகக் கீழான சி-யில், அதாவது சுமார் 65 ஹெர்ட்ஸில், நொடிக்கு ஒரு விம்மலுக்கும் குறைவுதான். பெடல் 16 அடியின் மிகக் கீழான சி-யில் இன்னும் பாதி. அடித்தளத்தை டிஜிட்டலிடம் கொடுப்பது நியாயம் என்றேனே, காரணம் இதுதான், கீழே சுருதி கொஞ்சம் விலகினாலும் காது மன்னித்துவிடும். மேலே மன்னிக்கவே மன்னிக்காது. எங்கள் ஆர்கனில் மிக்ஸ்சர் டிஜிட்டலாக இருப்பதால், சுருதி விலகியிருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். பிரின்சிபல், ஆக்டேவ், ஃபிஃப்டீன்த் மூன்றையும் போட்டு, மேலே டிஜிட்டல் மிக்ஸ்சரைச் சேர்த்தவுடன் சத்தம் பிரகாசமாகாமல் புளித்துப்போனால், ஸ்டாப் தேர்வில் தவறில்லை, சுருதியில்தான் கோளாறு.

சுருதி சேர்க்கும் முறை எளிது, ஆனால் அவசரப்படக் கூடாது. குழாயின் ஆக்டேவ் 4 அடியை மட்டும் போடுங்கள், டிஜிட்டலில் அதே வகை 4 அடி ஒன்றை மட்டும் போடுங்கள், வேண்டுமென்றே கொஞ்சம் சுருதி விலக்கி விம்மவைக்கும் செலஸ்ட் வேண்டாம், சத்தத்தை ஆட்டும் ட்ரெமுலன்ட் வேண்டாம். ஒரு ஏ-வைப் பிடித்துக்கொண்டு, டிஜிட்டலின் ட்யூனிங்கை ஒரு சென்ட், இரண்டு சென்ட்டாக நகர்த்துங்கள். விம்மல் மெதுவாகிக்கொண்டே வந்து கிட்டத்தட்ட நின்றுவிடும். அப்புறம் ஒரு ஆக்டேவ் மேலே சி, ஈ, ஜி மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். எல்லாச் சுரமும் ஒரே மாதிரி நிற்காது, சில குழாய்கள் தனியாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பெரும்பான்மைக்கு ஒத்துப்போங்கள். ஒரே ஒரு குழாயை வைத்து முழு ஆர்கனையும் நகர்த்தினால், அந்தக் குழாய் மட்டும் சந்தோஷமாக இருக்கும், மற்றவை எல்லாம் சண்டை போடும்.

குழாயைத் திருத்தி டிஜிட்டலின் 440-க்குக் கொண்டுவரலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இன்று 28 டிகிரியில் 440-க்கு வைத்துவிட்டு, குளிர்காலத்தில் மறுபடி எல்லாவற்றையும் நகர்த்துவீர்களா? சிறிய திறந்த குழாய்களைக் கூம்புக் கருவியால் தட்டித்தான் சுருதி சேர்ப்பார்கள், அடிக்கடி தட்டினால் மேல் விளிம்பு சிதைந்துவிடும். தலையில் நகரும் வளையம் உள்ள குழாய்களில் ஆபத்து குறைவு, ஆனாலும் அது சுருதி சேர்ப்பவரின் வேலை. அவர் வந்தால் அன்றைய வெப்பநிலையைத் தாளில் எழுதி காற்றுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள், பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அதுதான் தொடக்கப் புள்ளி. இன்னொன்று, குழாயைக் கையால் தொட்டால் கைச்சூட்டிலேயே சுருதி ஏறிவிடும், சின்னக் குழாயில் இது நன்றாகவே கேட்கும். தொட்டவுடன் கேட்டு முடிவு செய்யக் கூடாது, கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்துதான் கேட்க வேண்டும்.

இப்போது வரும் கன்சோல்கள் பலவற்றில் வெப்பநிலை சென்சார் இருக்கிறது, குழாய் ஏறினால் டிஜிட்டலும் தானாக ஏறும். அருமையான வசதிதான், ஆனால் சென்சார் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கன்சோலுக்குள் வைத்தால் அது கன்சோலின் மின்சாதனச் சூட்டைத்தான் அளக்கும். வெளிச்சுவரில் பதித்தால் வெயிலை அளக்கும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால், ஏசி ஓடி ஓடி நிற்கும்போதெல்லாம் டிஜிட்டல் மேலும் கீழும் ஊசலாடும். குழாய்களின் வாய் இருக்கும் உயரத்தில், குழாய்களுக்கு நடுவே தொங்குவதுதான் சரியான இடம். சூடான காற்று மேலே ஏறி நிற்கும் என்பதால் மேல்தளத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் எளிதாக இரண்டு மூன்று டிகிரி வரும், அதாவது சென்சார் தரையில் இருந்தால் 6 முதல் 9 சென்ட் வரை பிழை. சென்சார் இருந்தாலும் காதால் சரிபார்ப்பதை நான் விடுவதில்லை.

எப்போது சரிபார்ப்பது என்பதும் முக்கியம். ஆலயம் காலியாக இருக்கும்போது சேர்த்த சுருதி, மக்கள் வந்து உட்கார்ந்தபின் நிற்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். 300 பேர் என்றால் 30 கிலோவாட், கூடவே விளக்குகள். அதனால் நான் முதல் சரிபார்ப்பை ஆராதனைக்கு முன்பும், அடுத்ததை முன்வாசிப்பின் நடுவிலும் செய்வேன். முன்வாசிப்பில் குழாய் மட்டும் வாசிக்கும் ஒரு வரி, அதே வரியை டிஜிட்டலோடு சேர்த்து இன்னொரு முறை, இப்படி வைத்துக்கொண்டால் கேட்பவர்களுக்கு அது இசை, எனக்கு அது பரிசோதனை. நடுவில் ஏதாவது விலகியது தெரிந்தால் உடனே ட்யூனிங்கில் கைவைப்பதைவிட, ஒரே வகைச் சத்தங்கள் ஒரே உயரத்தில் இரண்டு பக்கமும் சேராமல் பார்த்துக்கொள்வேன். குழாய் பிரின்சிபலோடு டிஜிட்டல் பிரின்சிபலைச் சேர்த்தால் விம்மல் அப்பட்டமாகத் தெரியும். குழாயோடு டிஜிட்டல் ஸ்ட்ரிங் செலஸ்ட் சேர்த்தால் அதிலேயே ஒரு விம்மல் இருப்பதால் சிறிய பிழை மறைந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் ஒரு சரணம் குழாய், ஒரு சரணம் டிஜிட்டல் என்று பிரித்துவிடலாம், யாருக்கும் எதுவும் தோன்றாது.

இந்தக் கலப்பில் ஒரு லாபத்தையும் சொல்லிவிட வேண்டும். முழு பைப் ஆர்கனில் ரீடு குழாய்களின் சுருதி பெரும்பாலும் பித்தளை நாக்கைப் பொறுத்தது, அதனால் மற்றக் குழாய்கள் சூட்டில் ஏறும்போது ரீடுகள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும், ஆராதனைக்கு முன் ஆர்கன் கலைஞர்கள் ரீடுகளை மட்டும் திருத்திக்கொண்டிருப்பது இதனால்தான். நமக்கு ரீடுகள் டிஜிட்டலில் இருக்கின்றன, ட்யூனிங்கை நகர்த்தினால் ட்ரம்பெட்டும் ஓபோவும் சேர்ந்தே நகர்ந்துவிடும். சில பைப் ஆர்கன் நண்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், ஆனால் கோடையில் அவர்கள் ஏணியில் நிற்கும்போது நான் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, காற்று. ப்ளோயர் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பலர் பார்ப்பதில்லை. ப்ளோயரைச் சத்தம் கேட்காமல் இருக்கத் தனி அறையில் வைத்திருப்பார்கள், அந்த அறை வெயில் படும் பக்கம் இருந்தால், ஆலயம் 24 டிகிரியில் இருக்கும்போது குழாய்க்குள் போவது அதைவிடச் சூடான காற்று. விளைவு என்னவென்றால், வாசிக்க ஆரம்பித்ததும் ஒரு சுருதி, பத்து நிமிடம் கழித்து ஒரு சுருதி. சென்சாருக்கு இது தெரியாது, ஏனென்றால் அது குழாய்க்கு வெளியே உள்ள காற்றை அளக்கிறது. குழாய்கள் நிற்கும் அறையிலிருந்தே ப்ளோயர் காற்றை இழுக்கும்படி ஒரு குழல் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அழுத்தத்தையும் அவ்வப்போது பாருங்கள். வளைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றுப்பெட்டியோடு இணைத்தால் இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே அழுத்தம். எங்களுடையது 75 மில்லிமீட்டர், அதாவது சுமார் 3 அங்குலம். முழு கார்டு பிடிக்கும்போது மட்டம் தொபுக்கென்று இறங்கினால் துருத்தியிலோ வால்விலோ கசிவு இருக்கலாம். அழுத்தம் இறங்கினால் குழாயின் சுருதியும் இறங்கும், அதை எந்த டிஜிட்டல் ட்யூனிங்காலும் துரத்திப் பிடிக்க முடியாது.

இதில் நடந்த ஒரு வேடிக்கை. ஆலயத்தில் மின்வேலை நடந்து முடிந்த வாரம், குழாய்கள் எல்லாம் நோயாளி மாதிரி முனகின. சத்தம் குறைவு, சுருதி இறக்கம், சில குழாய்கள் பேசவே இல்லை. தோல் கிழிந்துவிட்டதா, எலி புகுந்துவிட்டதா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு வரும் கம்பிகளில் இரண்டை மின்வேலை செய்தவர் இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார், ப்ளோயர் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. மையவிலக்கு விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியாகத்தான் வெளியே வரும், ஆனால் பலவீனமாக வரும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மோட்டார் உறையின் மேல் சுழலும் திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கும். எந்த மின்வேலைக்குப் பிறகும் முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்பீக்கர் வைக்கும் இடம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. குழாய் மேல்தளத்திலும் ஸ்பீக்கர் பீடத்துக்குப் பக்கத்திலும் இருந்தால், கேட்பவருக்கு இரண்டு ஆர்கன்கள்தான் கேட்கும், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் ஒட்டாது. குழாய்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். நேராக மக்களைப் பார்த்து வைக்காமல் மேலே கூரையையோ பின்சுவரையோ பார்த்துத் திருப்பிவைத்தால், சத்தம் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்பது மங்கிவிடும். ஒவ்வொரு குழாயும் தனித்தனி இடத்தில் நின்று தனித்தனியாகப் பேசுகிறது, ஸ்பீக்கரோ பத்துச் சுரத்தையும் ஒரே கூம்பிலிருந்து தள்ளுகிறது. அதனால் ஆம்ப்ளிஃபயர் சேனல்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. குறைவாக இருந்தால், குறைந்தபட்சம் பெடலின் அடித்தளத்தையாவது தனி ஸப்-வூஃபருக்கு அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் அடிச்சுரம் அதிரும்போது மேல் சுரங்களும் சேர்ந்து கலங்கும்.

அதைவிட முக்கியமானது, பலர் கவனிக்காதது, டிஜிட்டலில் இருக்கும் செயற்கை எதிரொலி. தனியாக வாசிக்கும்போது அது காதுக்கு இனிமை. குழாயோடு சேரும்போது அதுதான் குட்டை உடைக்கிறது. கையை எடுத்தவுடன் குழாயின் சத்தம் ஆலயத்தின் எதிரொலியோடு இரண்டு நொடியில் அடங்கிவிடும், டிஜிட்டலோ இல்லாத ஒரு பெரிய பேராலயத்தின் எதிரொலியைப் பாடிக்கொண்டே இருக்கும். ஆலயத்துக்கே ஓரளவு எதிரொலி இருந்தால் செயற்கை எதிரொலியைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். வறண்ட கட்டடம் என்றால், குழாய் அடங்கும் நேரத்துக்கு ஈடாக வரும்வரை மட்டும் கொஞ்சமாக வைக்கலாம். ஒரு கார்டைக் குட்டையாக வெட்டி விட்டுப்பாருங்கள், வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று உடனே தெரியும்.

சத்தத்தின் அளவைக் கன்சோலில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. குழாய் உங்கள் தலைக்குமேல் இருக்கிறது, ஸ்பீக்கர் வேறு பக்கம் பார்க்கிறது, நீங்கள் கேட்பது யாருமே கேட்காத ஒரு கலவை. இன்னொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நடுவில், பின்னால், ஓரத்தில் என்று நின்று கேளுங்கள். முடிந்தால் மக்கள் நிறைந்திருக்கும்போதும் கேளுங்கள், உடைகளும் உடல்களும் மேல் சுரங்களை நிறையவே உறிஞ்சிவிடும், காலி ஆலயத்தில் சரியாக இருந்த மிக்ஸ்சர் நிறைந்த ஆலயத்தில் காணாமல் போகும்.

எங்கள் பிரின்சிபல் 8 அடியில் கீழ் 12 சுரங்களுக்குக் குழாய் இல்லை, உயரம் போதாததால் அவற்றை டிஜிட்டல் பார்த்துக்கொள்கிறது. 49 குழாய், 12 ஸ்பீக்கர் சுரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு தையல். அந்தத் தையல் கேட்கக் கூடாது. கீழிருந்து ஒவ்வொரு சுரமாக மெதுவாக ஏறி வந்து, பி-யிலிருந்து சி-க்குத் தாண்டும் இடத்தில் சத்தத்தின் அளவும் நிறமும் மாறுகிறதா என்று கேட்டு, சுரம் வாரியாக டிஜிட்டலின் அளவைத் திருத்த வேண்டும். நல்ல கன்சோல்களில் இதற்கு வசதி உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பொதுவாக டிஜிட்டல் சுரம் தேவைக்கு அதிகமாகச் சுத்தமாக இருக்கும். குழாய் பேசத் தொடங்கும்போது வரும் அந்த சின்ன 'ச்சிஃப்' என்ற மூச்சு டிஜிட்டலிலும் கொஞ்சம் இருந்தால் தையல் மறைகிறது.

நேரத் தாமதம் என்று ஒன்று உண்டு. ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி நொடி எடுக்கும், குழாய் 17 மீட்டர் தள்ளி இருந்தால் 50 மில்லி நொடி, பெரிய குழாய் என்றால் பேசத் தொடங்கவே இன்னும் கொஞ்ச நேரம். கன்சோலுக்குப் பக்கத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்திருந்தால் கை முதலில் அதைத்தான் கேட்கும், குழாய் பின்தங்குவதுபோலத் தோன்றி உங்களை இழுக்கும். அந்த மானிட்டரைத் தாழ்த்திவையுங்கள். மிடி (கருவிகள் சுரச் செய்தியைப் பரிமாறும் முறை) மூலம் குழாயை இயக்குபவர்கள் தாமதத்துக்கு மிடியைக் குறை சொல்வார்கள், ஒரு சுரத்தின் செய்தி போக ஒரு மில்லி நொடிதான் ஆகிறது, குற்றவாளி அது இல்லை.

சத்தத்தை ஏற்றி இறக்கக் கால் வைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழாய்கள் பெட்டிக்குள் இல்லாமல் திறந்த வெளியில் நின்றால் அந்தப் பெடல் டிஜிட்டலை மட்டும்தான் குறைக்கும். பாதி மூடினால் குழாய் தனியாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். குழாய் போட்டிருக்கும் மேனுவலின் பெடலை முழுதும் திறந்தே வைத்துக்கொண்டு, மெலிவும் வலிவும் வேண்டுமென்றால் ஸ்வெல் என்ற மற்ற மேனுவலில் தேடுவதுதான் எனக்குப் பழகிய வழி. ட்ரெமுலன்ட்டும் அப்படித்தான், குழாயில் அது காற்றை ஆட்டுகிறது, டிஜிட்டலில் கணக்குப் போட்டு ஆட்டுகிறது, இரண்டும் ஒரே வேகத்தில் ஆடவே ஆடாது, ஒன்றை மட்டும் போடுங்கள். சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளியை மாற்றும் டெம்பரமென்ட் பட்டனை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய் சம இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும்போது டிஜிட்டலை மீன்டோன் என்ற பழைய முறைக்கு மாற்றினால் சில கார்டுகள் சகிக்காது. பாட்டின் சுரத்தை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போசர் குழாயையும் சேர்த்து நகர்த்துகிறதா, டிஜிட்டலை மட்டும் நகர்த்துகிறதா என்பதை யாரும் இல்லாத நேரத்தில் சோதித்துவிடுங்கள். சேர்த்து நகர்த்தினாலும், இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் மேலே கடைசி இரண்டு கீகளுக்குக் குழாய் இருக்காது.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் விஷயம், கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் நிற்காமல் கத்துவது. கலப்பு ஆர்கனில் இது நடந்தால் முதல் கேள்வி, கத்துவது யார்? ஸ்டாப்புகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்டாப்பை எடுத்ததும் நின்றுவிட்டால் அந்த ஸ்டாப் இல்லாமல் ஆராதனையை முடித்துவிடலாம், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். எல்லாம் எடுத்தும் நிற்கவில்லை என்றால் டிஜிட்டலில் இருக்கும் அவசர நிறுத்தப் பட்டனை, அதாவது எல்லாச் சுரத்தையும் நிறுத்தும் மிடி கட்டளையை அழுத்துங்கள். அதற்கும் அடங்காமல் கன்சோலை அணைத்தாலும் கத்தினால், அது குழாயின் வால்வுதான். தூசியோ மரத்துகளோ வால்வுக்கு அடியில் சிக்கியிருக்கும், அல்லது காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே கீயைச் சட்சட்டென்று சில முறை தட்டினால் துகள் பறந்துவிடுவதுண்டு. இல்லையென்றால் ப்ளோயரை அணைத்துவிட்டு டிஜிட்டலில் மட்டும் தொடருங்கள், முழு பைப் ஆர்கன்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. இதற்காகவே குழாய் ஒன்றுகூட இல்லாத ஒரு பிஸ்டன் வரிசையை (ஸ்டாப்புகளை மொத்தமாகப் போடும் பட்டன்கள்) பதிந்துவைத்திருக்கிறேன், மென்மையிலிருந்து முழு சத்தம் வரை நாலைந்து படிகள். அதேபோல டிஜிட்டல் இறந்துவிட்டால் குழாய் மட்டும் உள்ள ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது கன்சோலின் மின்சாரமே போனால் உதவாது.

மின்சாரத்தில் ஒரு கணக்கு. எங்கள் பெட்டியில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு காந்த வால்வு, சுமார் 14 வோல்ட், ஒவ்வொன்றும் 0.15 ஆம்பியர் அளவில். எட்டுச் சுரக் கார்டு, நாலு ஸ்டாப், 32 காந்தங்கள், கிட்டத்தட்ட 5 ஆம்பியர். ஒரு ஆக்டேவ் தள்ளி உள்ள சுரத்தையும் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஆக்டேவ் கப்ளர் போட்டால் அது இரண்டு மடங்கு. பவர் சப்ளை அதற்குத் தாங்கவில்லை என்றால் தனியாகத் தட்டும்போது பேசும் குழாய்கள் பெரிய கார்டில் வாயை மூடிக்கொள்ளும். குழாயைக் குறை சொல்வதற்கு முன் கார்டு பிடித்தபடியே வோல்ட்டை அளந்துபாருங்கள். காந்தம் விடுபடும்போது வரும் மின்தாக்கைத் தடுக்க ஒவ்வொன்றிலும் டயோடு இருக்க வேண்டும், காந்தக் கம்பிகளும் ஆடியோ கம்பிகளும் ஒரே கட்டாகப் போகக் கூடாது. ஸ்பீக்கரில் ஒவ்வொரு சுரத்துக்கும் 'டிக்' என்று கேட்டால் இந்த இரண்டில் ஒன்று.

மற்ற இசைக்கருவிகள் சேரும் நாளில் யார் யாருக்கு ஒத்துப்போவது என்பதை ஒத்திகையிலேயே முடித்துவிட வேண்டும். எலெக்ட்ரானிக் கீபோர்டில் ட்யூனிங்கை 446-க்கு ஏற்றலாம், கிதாரும் வயலினும் ஏறும், ஆனால் பியானோ ஏறாது. பியானோ இருந்தால் குழாய்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, டிஜிட்டலைப் பியானோவின் சுருதிக்கு வைத்து வாசிக்கிறேன். அதில் பாடகர் குழுவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், குழாயின் மூச்சு இல்லாமல் பாடுவது அவர்களுக்கு ருசிக்கவில்லை. சிலர் பியானோ வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

புதிதாக இணைக்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ட்யூனிங்கை ஒரு சென்ட் அளவில் நகர்த்த முடியுமா, சென்சாரை நாம் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நீளம் கம்பி, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் அளவைத் தனியாகத் திருத்தலாமா, குழாய்க்கு ஈடாக டிஜிட்டலை சில மில்லி நொடி தாமதிக்க முடியுமா, ட்ரான்ஸ்போசர் குழாயைச் சேர்த்து நகர்த்துமா. இன்னொன்று, குழாய்களை இயக்கும் போர்டு கெட்டுப்போனால் அதே மாதிரி வேறொன்று கிடைக்குமா, அல்லது பொதுவான மிடி வழியே வேறு நிறுவனத்தின் போர்டைப் பொருத்த முடியுமா என்பதையும் கேளுங்கள். குழாய் நூறு வருடம் நிற்கும், போர்டு அவ்வளவு நாள் நிற்காது, கன்சோலை மாற்ற வேண்டிய காலம் கட்டாயம் வரும்.